தென்னம்பூ லேகியமும் என் வயிற்று ஓட்டையும்

எங்கள் தாலுகாக்களை எந்த ராஜ்யத்தோடு சேர்ப்பது என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது. நான் என்னடாவென்றால் உட்கார்ந்து என் வயிற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி, குனிந்து கால் நகத்தைப் பார்க்க முடியாமல், அது நோய் என்றே தெரியாமல், "நல்லா இருக்கியே" என்று யாராவது சொன்னால் பூரித்துப்போகிற பெண்பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களில் ஒருத்தி இதைப் படித்தாலும் எனக்குப் போதும்.

என் பேர் பகவதி. வீடு தோவாளையில். என் வீட்டுக்காரர் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்கிறார். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு நான் தடிக்கத் தொடங்கினேன். வேலைக்கு ஆள் இருந்தது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வெளியே போகிற வழக்கமும் இல்லை. அவியலிலும் தேங்காய், தீயலிலும் தேங்காய், அதற்குமேல் பாயசத்தில் தேங்காய்ப்பால். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம் அது. சனங்கள் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்று நாளை ஓட்டினார்கள். எங்களுக்குச் சொந்த வயல் இருந்ததால் அடுப்பு அணையவில்லை. ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது நான் ஒருத்தி தடித்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் "நாகப்பன் வீட்டுல லட்சுமி குடியிருக்கா" என்பார்கள். என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தால் அன்றைக்கு அவர் நடையே வேறு.

மெலிந்திருந்தால் நோய், தீனம்; தடித்திருந்தால் யோகம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

தொப்புளுக்குமேலே ஒரு புடைப்பு முதலில் நெல்லிக்காய் அளவில் இருந்தது. இருமினால் வரும், படுத்தால் மறையும். யாரிடமும் சொல்லவில்லை, தொப்புளை யாரிடம் காட்டுவது? அது எலுமிச்சங்காயாகி, பிறகு மாங்காயளவு ஆயிற்று. ஒருநாள் காலையில் அரிசிப் பானையைத் தூக்கி வைத்தேன். புடைப்பு வெளியே வந்து கல்லாக நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை. வலி தாங்க முடியாமல் சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தேன். வீட்டுக்காரர் சந்தைக்குக் குலை ஏற்றும் லாரியிலேயே என்னை உட்காரவைத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாமியார் என்னோடு ஏறிக்கொண்டு வழியெல்லாம் என் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது.

டாக்டரம்மா மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. ஒல்லியாக, விறைப்பாக இருப்பாள். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி என்னைப் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, ரொம்ப நேரம் மெதுவாக அமுக்கி அமுக்கி அந்தப் புடைப்பை உள்ளே தள்ளினாள். உள்ளே ஏதோ 'களக்' என்று போயிற்று. வலியும் போயிற்று. எழுந்து அவள் காலில் விழலாமா என்று தோன்றியது.

"உங்க வயித்துச் சுவருல ஒரு ஓட்டை உண்டு," என்றாள். "குடலு அது வழியா எட்டிப் பாக்குது. இதுக்குப் பேரு குடலிறக்கம். இன்னைக்குத் தள்ளினேன், போயிட்டு. இன்னொரு வாட்டி மாட்டினா போவாது. ரத்தம் ஓடாம குடலு அழுகிரும். அப்புறம் பிழைக்கது கஷ்டம்."

"அப்போ இன்னைக்கே கீறித் தச்சிருங்க டாக்டரம்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

"தையல் நிக்கணுமே. இவ்வளவு கொழுப்புல தச்சா பிரிஞ்சு வந்திரும். மயக்க மருந்து குடுத்தா மூச்சுக்கும் ஆபத்து. முதல்ல இவங்க உடம்பு குறையணும்."

கொழுப்பு என்ற வார்த்தையை எங்கள் ஊரில் ஏசுவதற்குத்தான் எடுப்போம். எனக்குச் சுருக்கென்றது.

"எனக்குக் கொழுப்புன்னா சொல்லுகீங்க?" என்று கேட்டேன்.

"உங்க வாயில இருக்கதை நான் சொல்லல்ல. வயித்துல இருக்கதைச் சொல்லுகேன்," என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அத்தைக்கு மட்டும் முகம் செத்துப்போயிற்று. "மெலியணுமா? ஆசுபத்திரிக்கு வந்து மெலியச் சொல்லுகாளே. இது என்ன வைத்தியம் மக்கா?" என்று மகனிடம் முணுமுணுத்தாள். வீட்டுக்கு அனுப்பினால் நம்முடைய சனம் சும்மா விடாது என்று சொல்லி டாக்டரம்மா என்னை வார்டிலேயே படுக்கவைத்தாள்.

எடை பார்த்த கதையை எழுதாமல் விடக்கூடாது. நோயாளிகளை நிறுக்கிற தராசு எனக்குப் போதவில்லை. அதன் கம்பி மேலே போய் முட்டி நின்றுவிட்டது. ஆகையால் என்னைப் பின்கட்டில் உள்ள சாமான் அறைக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார்கள். பக்கத்தில் கோதுமை மூட்டை. அதைத் தூக்க வந்த ஆட்கள் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. இதே தராசிலிருந்து இறங்கி, மனிதர்கள் நிற்கிற தராசில் ஏறாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று அங்கேயே மனசில் முடிந்துகொண்டேன்.

பிறகு சோதனைகள். சிறுநீரை நீலத் தண்ணீரில் ஊற்றிச் சின்ன விளக்கில் காய்ச்சுவார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை வியாதி இல்லை. செங்கல் நிறம் வந்தால் உண்டு. எனக்குப் பச்சையில் நின்றது. "வாசல்ல வந்து நிக்குது, இன்னும் உள்ள வரல்ல," என்றாள் டாக்டரம்மா. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்தம் எவ்வளவு வேகமாக இடிக்கிறது என்று பார்த்தார்கள். அதுவும் கூடுதல். வெளியே கண்ணுக்குத் தெரிகிற புடைப்பை மட்டும்தான் நான் நோய் என்று நினைத்திருந்தேன். உள்ளே என்னவெல்லாமோ வரிசை கட்டி நின்றிருக்கிறது.

வார்டில் என்னைத் தவிர எல்லாரும் எலும்பும் தோலும். சோகை, ஓயாத பேதி, பிள்ளைத்தாச்சிகளின் கால்வீக்கம். சுவரில் மாட்டியிருந்த படங்களிலும் பால் குடி, முட்டை தின்னு என்றுதான் போட்டிருந்தது. காலையில் பால்பொடி கரைத்த அண்டாவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் ஊற்றிவிட்டு என் கட்டிலைத் தாண்டிப் போய்விடுவார்கள். "இந்த அம்மைக்கு என்ன தீனம்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "தீனிதான் தீனம்," என்று நானே சொல்லிவிடுவேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்கு நாம் சொல்வது நல்லது. ஒருத்தி மட்டும், "எந்தக் கடையில அரிசி கிடைக்கு? எங்களுக்கும் சொல்லுங்களேன்," என்று கேட்டாள். கள்ளச்சந்தை அரிசி என்று சொல்லாமல் சொல்கிறாள்.

பக்கத்துக் கட்டில் ரோசம்மா. கடற்கரைக்காரி. அவளுக்கு ரத்தம் குறைவு. கண்ணிமைக்கு உள்ளே பார்த்தால் வெள்ளைத்தாள்தான். எடை ஏறினால்தான் அவளை வீட்டுக்கு விடுவார்கள். எடை இறங்கினால்தான் என்னைக் கத்திக்கு விடுவார்கள். "உங்க சதையில கொஞ்சம் இங்க தள்ளுங்கக்கா, ரெண்டு பேரும் போயிரலாம்," என்பாள். நாங்கள் சிரிக்கிற சத்தத்தில் சிஸ்டர் வந்து அதட்டுவாள்.

எனக்குச் சோறு கிடையாது. கிழங்கு, தேங்காய், இனிப்பு எதுவும் கிடையாது. கீரை, வெள்ளரிக்காய், பயறு, வெண்ணெய் எடுத்த மோர், ஒருவேளை கோதுமைக் கஞ்சி. வராந்தாவில் காலையும் மாலையும் நடக்க வேண்டும், அதுவும் வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு. முதல் நாட்களில் வராந்தாவின் கடைசித் தூணை எட்டுவதற்குள் கண் இருட்டியது. பசி வரும்போது எனக்குக் கோபம்தான் வரும். வீட்டுக்காரர் பார்க்க வரும்போது அவர்மேல் சந்தையில் இருக்கிற மட்டி வாழைப்பழ வாசனை அடிக்கும். "குளிச்சிட்டு வந்தா என்ன?" என்று சண்டை போடுவேன். மறுநாளிலிருந்து பாவம், அவர் சந்தைக்குழாயில் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டுதான் வந்தார். ஆஸ்பத்திரிப் பில்லையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். என் காதில் ஒரு வார்த்தை போடவில்லை.

அத்தை தினமும் காலை பஸ்ஸில் வந்துவிடுவாள். என்னோடு பட்டினி கிடக்கிறவள்போல் அவளும் மதியம் மோர்தான் குடிப்பாள். வரும்போது கையில் ஒரு சின்னப் பீங்கான் பரணி. "வயித்துக் காத்துக்கு மருந்துட்டீ. வைத்தியர் சொல்லித் தந்தது," என்று அதிலிருந்து லேகியத்தை உருட்டி என் வாயில் போடுவாள். கறுப்பாக, பிசுபிசுவென்று, சுக்கும் ஏலமும் மணக்கும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, போகும்போது ஒன்று. பிறகு உருண்டை பெருத்துக்கொண்டே போயிற்று. ரோசம்மா மேலேயும் இரக்கப்பட்டு அவளுக்கும் ஒன்று கொடுப்பாள்.

வாரம் ஒருமுறை எடை. முதல் வாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் அப்படியே நின்றது. அதற்கடுத்த வாரம் ஏறியிருந்தது.

"என்ன தின்னீங்க?" என்றாள் டாக்டரம்மா.

"நீங்க தந்ததைத் தவிர ஒண்ணும் தின்னல்ல."

"பொய் சொல்லாண்டாம்."

"சத்தியமா ஒண்ணும் தின்னல்ல டாக்டரம்மா," என்றேன். அது சத்தியம்தான். மருந்தைத் தின்பதாக எங்கள் வீட்டில் யார் நினைப்பார்கள்? சோறு தின்பது, மருந்து சாப்பிடுவது, இரண்டும் வேறுவேறு கணக்கு. விரதத்தன்றுகூட லேகியம் சாப்பிடுவோம். விரதம் கெட்டதாக யாரும் சொன்னதில்லை.

டாக்டரம்மா நம்பவில்லை. "உங்களுக்குப் பிழைக்க மனசு இல்லைன்னா இந்தக் கட்டிலை வேற ஆளுக்குக் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டு ரோசம்மாவின் பக்கம் திரும்பினாள். அவளை நிறுத்துப் பார்த்தால் எடை நன்றாக ஏறியிருந்தது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "கொள்ளாமே. என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள்.

"பகவதி அக்காக்க மாமியாரு தந்த லேகியம்," என்றாள் ரோசம்மா, நல்ல பேர் வாங்கித் தருகிற சந்தோஷத்தில்.

டாக்டரம்மா அத்தையின் கையிலிருந்த பரணியை வாங்கித் திறந்து முகர்ந்து பார்த்தாள். விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். "தென்னம்பூ லேகியம்," என்றாள். "கருப்பட்டி, தேங்காய்ப்பால், நெய். பிள்ளை பெத்தவளுக்கு உடம்பு தேறக் குடுக்கது. இதைக் காத்துக்குன்னு சொன்ன வைத்தியர் யாரு?"

வைத்தியரே கிடையாது. வீட்டு அடுப்பில் அத்தையே கிண்டியது.

டாக்டரம்மா போனதும் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? பசியோடு நடந்த நடை எல்லாம் பாழ். "என்னைக் கொல்லவா பாத்தீங்க அத்தை? குடலு மாட்டினா செத்துப்போவேன்னு உங்க காது கேக்கத்தானே சொன்னா?" என்று வார்டு கேட்கக் கத்தினேன். என் வாழ்க்கையில் அத்தையிடம் அதுவரை குரல் உயர்த்தியதில்லை.

அத்தை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ விழுந்த அன்னைக்கு லாரியில வச்சே பகவதி அம்மனுக்கு உன் பேருல துலாபாரம் நேந்தேன்," என்றாள். துலாபாரம் என்றால் கோயில் தராசில் ஒரு தட்டில் ஆளை உட்காரவைத்து, மறு தட்டில் அதே எடைக்கு நேர்ந்த பொருளை வைத்துக் கொடுப்பது. "எடைக்கு எடை மட்டிக்குலைன்னு நேந்தேன். வேலம்மைக்கும் அப்படித்தான் நேந்தேன் மக்கா."

வேலம்மை என் நாத்தனார். நான் அந்த வீட்டுக்கு வருமுன்பே எலும்புருக்கி நோயில் போய்விட்டாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். அவள் பேச்சையே அந்த வீட்டில் எடுக்கமாட்டார்கள்.

"மாசாமாசம் கொறஞ்சிட்டே வந்தா. நேத்திக்கடனை முடிச்சா நிக்கும்னு தூக்கிட்டுப் போனோம். வண்டி நிறைய குலை கொண்டு போயிருந்தோம். ஒரு குலை வச்சாரு பூசை செய்ற போற்றி. தட்டு தூக்கிட்டு. ஒத்தைக் குலைக்கு எம்பிள்ளை மேல எழும்பிட்டா. மிச்சக் குலையெல்லாம் வண்டியில அப்படியே இருக்கு. அந்த மாசமே போயிட்டா." அத்தை முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. "உன்னைத் தட்டுல வச்சா அது தரையை விட்டு எழும்பக்கூடாதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல்ல."

என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அழுகைதான் வந்தது, அழுதேன். ஆனால் அழுது முடித்தால் மறுநாள் வேறொரு பரணி வரும் என்பதும் எனக்குத் தெரியும். பாசத்தைக் கத்திப் பேசி நிறுத்த முடியாது. ஆகையால் அவள் கையைப் பிடித்து இழுத்து, புடவையை விலக்கி, என் தொப்புளின்மேல் வைத்துக்கொண்டேன். பிறகு இருமினேன். அவள் உள்ளங்கைக்குள் குடல் வந்து முட்டியது. கையை எடுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. இன்னொருமுறை இருமினேன்.

"இது என் குடலு அத்தை. வேலம்மை மெலிஞ்சு போனா. நான் தடிச்சே போயிருவேன். அவளை மனசுல வச்சு என்னைப் பாக்காதீங்க."

அத்தை புடவையை இழுத்து என் வயிற்றை மூடினாள். பிறகு, "நேர்ந்த எடை கொறஞ்சா சாமிக்குக் கொறையாவாதாட்டீ?" என்று மெல்லக் கேட்டாள்.

"சாமி என்ன, ராத்தல் கல்லோடயா உக்காந்திருக்கு?" என்றேன்.

மாலையில் டாக்டரம்மா வந்தபோது அத்தையே எழுந்து போய் வேலம்மை கதையைச் சொல்லிக் கேட்டாள், மெலிந்து சாகிறதும் மெலிந்து பிழைக்கிறதும் எப்படி வேறு என்று. டாக்டரம்மா அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, அவசரப்படாமல் சொன்னாள்: "உங்க மகளை நோய் தின்னுச்சு. அவ சாப்பிட்டது அவளுக்குச் சேரல்ல. இவங்களுக்குச் சேத்து வச்சது கூடிப்போச்சு. அந்தச் சேமிப்பை இவங்களே செலவழிக்காங்க. செலவழிக்கிற ஆளு தெம்பா நடந்துக்கிட்டு இருப்பா, பாருங்க. உங்களுக்கே தெரியும்."

பரணி ரோசம்மாவுக்குப் போயிற்று. அவள் அதை வழித்துத் தின்று கன்னத்தில் சிவப்பேறி எனக்கு முந்தி வீட்டுக்குப் போனாள்.

அதன்பிறகு வராந்தாவில் என்னோடு அத்தையும் நடந்தாள். நான் தூணில் சாய்ந்தால், "நிக்காதட்டீ, நட," என்பாள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் மடியில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கொண்டுவருவார்கள். கொடுத்தால் வாங்காமலிருப்பது எங்கள் பக்கத்தில் பெரிய அவமரியாதை. அத்தை வாங்கி, நன்றி சொல்லி, அவர்கள் கண்முன்னாலேயே அடுத்த கட்டில்களுக்குப் பங்கு வைத்துவிடுவாள். இரண்டு சித்திகளுக்கு எங்களோடு இன்றைக்கும் பேச்சில்லை. எடை மெதுவாக இறங்கியது. சில வாரம் நின்று சோதித்தது. நானும் விடவில்லை. ஒருநாள் சிஸ்டர் என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போகாமல் வார்டிலேயே தராசில் ஏறச் சொன்னாள். கம்பி முட்டாமல் ஆடி நின்றது. என் வீட்டுக்காரர் அதை இரண்டுதரம் பார்த்துவிட்டு, "கல்லு சரிதானா?" என்று கேட்டார். வியாபாரி புத்தி.

அறுவைக்கு முந்தின நாள் எனக்குப் பயம் வந்தது. பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடைசிப் பிள்ளை என் இடுப்பைக் கட்டிப்பிடித்தபோது அதன் இரண்டு கைகளும் பின்னால் ஒன்றையொன்று தொட்டன. முன்பெல்லாம் எட்டாது. அந்தப் பிள்ளைக்காகவாவது திரும்பி வரவேண்டும் என்று நினைத்தேன்.

மேசையில் படுக்கவைத்து மூக்கின்மேல் துணிமூடியை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். தித்திப்பாக, தொண்டையை அடைக்கிற நெடி. எண்ணச் சொன்னார்கள். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. கண் விழித்தபோது வயிற்றில் தீ வைத்ததுபோல வலி, வாயெல்லாம் கசப்பு. டாக்டரம்மா குனிந்து, "ஓட்டையை அடச்சாச்சு. தையல் நல்லாப் பிடிச்சிருக்கு. இருமும்போது தலையணையை வயித்துல அமுக்கிக்கிடுங்க," என்றாள். நான் உடனே இருமிப் பார்த்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. வலியில் உயிர் போயிற்று, ஆனாலும் சிரித்தேன்.

நோய் இன்னும் முழுக்க விட்டுவிடவில்லை. நீலத் தண்ணீர் சில சமயம் பச்சைக்குப் போகிறது. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கிறேன். அதற்குப் பேச்சும் கேட்கிறேன்.

காயம் ஆறியபிறகு நேர்த்திக்கடனை முடிக்கப் போனோம். வீட்டுக்காரர் தன் கடைக்குலைகளில் நல்லதாகப் பார்த்து வண்டியில் ஏற்றியிருந்தார். நான் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். போற்றி குலைகளை ஒவ்வொன்றாக மறு தட்டில் வைத்தார். அத்தை என் பக்கமே பார்க்கவில்லை. தட்டின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தட்டு தரையை விட்டு எழும்பியது. வண்டியில் பாதிக்குமேல் குலை அப்படியே இருந்தது.

தொழ வந்திருந்த எங்கள் தெருக்காரி ஒருத்தி, "ஐயோ, பகவதி மெலிஞ்சு சீணிச்சுல்லா போயிட்டா," என்றாள்.

அத்தை அவள் பக்கம் திரும்பினாள். "எம் மவ சீணிச்சுப் போனா," என்றாள். "இவ சீணிச்சு வந்துட்டா."

பழத்தட்டு கொஞ்சம் தாழ்ந்து நின்றது. கூடுதல் சாமிக்குத்தானே, இருக்கட்டும் என்றார் போற்றி. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் போற்றி. அவ எடை இவ்வளவுதான்," என்று சொல்லி, குலையிலிருந்து ஒரு சீப்பைத் தன் கையாலேயே அரிந்து எடுத்தாள். இரண்டு தட்டும் நேரே நின்றன.